தீக்குச்சி அளவு இடைவெளி

சிலிக்கான் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சோம்பேறிகள். குழாய் ஒழுகினால் குழாயை மாற்ற மாட்டார்கள், சிலிக்கானைப் பிதுக்குவார்கள். ஜன்னல் சட்டம் கோணினால் தச்சனைக் கூப்பிட மாட்டார்கள், சிலிக்கானை அப்புவார்கள். கல்யாணம் விரிசல் விட்டால்கூட ஒரு டியூப் வாங்கிப் பூசிப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிற எனக்கு இந்த ஜென்மங்களால்தான் சோறு. அதற்காக அவர்களை மதிக்க வேண்டும் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

என் கடைக்கு நேர் மேலே குடியிருந்தவரைத் தெருவே கிரகம் என்று கூப்பிட்டது. தொலைநோக்கியில் கோள்களைப் பார்க்கிறவர் என்பதால் வந்த பட்டப்பெயர் என்று நினைத்து அவர் பூரித்துப்போவார். பெயரை வைத்தது அவருடைய கூடப்பிறந்த அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்ட அந்த அம்மாள், காலையில் தம்பி எதிரில் வந்தாலே "என் கெரகம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். நாங்கள் அதைக் கொஞ்சம் திருத்தி மரியாதையாக்கினோம், அவ்வளவுதான்.

காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து என்ன செய்தார் என்று தெரியாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். சிகரெட் பழக்கம் கிடையாது, காது குடையத்தான். பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று ஒரு குச்சியை எடுத்துக் காதில் விடுவார், கண் சொருகும், பேச்சு பாதியில் நிற்கும். எதிரே நிற்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டும். நானும் காத்திருந்திருக்கிறேன், வாடிக்கையாளர் ஆயிற்றே.

அவர் மனைவிக்குப் பல் செட் செய்கிற லேபில் வேலை. பகல் முழுக்க ஊரான் வாய்க்குப் பல் செய்து, அதை ராவி, மெருகேற்றிக் கொடுப்பாள். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். முதல் தடவை கடைக்கு வந்தபோது நான் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். "கீழ் வரிசையில ரெண்டு சொத்தை. பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வாளிக்கு விலை கேட்டாள். அகம்பாவம் பிடித்தவள். ஆனால் அகம்பாவத்துக்கு வேண்டிய சரக்கு அவள் கையில் இருந்தது.

தொலைநோக்கிக்கு உயிர் அதன் அடியில் இருக்கிற கண்ணாடி. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், தடியாக, நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குழிந்து இருக்கும். அந்தக் குழியைக் கையாலேயே அரைத்து எடுக்க வேண்டும். ஒரு பீப்பாயின்மேல் ஒரு கண்ணாடி, அதன்மேல் இன்னொரு கண்ணாடி, நடுவே ஈர மணல்பொடி. முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே பீப்பாயைச் சுற்றி வர வேண்டும். லேபிலிருந்து வந்து, உலையை வைத்துவிட்டு, அவள் சுற்றுவாள். கர்ர், கர்ர் என்று என் கடைக் கூரை அரைபடும். கிரகம் நாற்காலியில் சாய்ந்து புத்தகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அழுத்து, இப்ப மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது.

கடைசியில் கண்ணாடியை வெளியூர் அனுப்பி அலுமினியப் பூச்சு ஏற்றி வாங்கினார்கள். வந்த அன்று கிரகம் அதைத் தலைப்பிள்ளை மாதிரி கையில் ஏந்திக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். "நானே அரைச்சது. மெஷினே கிடையாது, எல்லாம் கைதான்." பின்னால் அவருடைய குடையையும் செருப்புப் பையையும் தூக்கிக்கொண்டு அவள் நின்றாள்.

"எந்தக் கையால அரைச்சீங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்தாள், நான் மூடிக்கொண்டேன்.

வானம் பார்க்கிறவர்களுக்கென்று ஊரில் ஒரு சங்கம் உண்டு. பொது நூலகத்தின் மாடியில் ஒரு தொலைநோக்கி வைக்கப்போகிறார்கள், செய்தவர் பெயரைப் பித்தளைப் பலகையில் பொறிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து கிரகத்துக்குத் தூக்கம் இல்லை. பலகையில் எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று என்னிடம் வந்து கேட்டார், நான் என்னவோ பித்தளை உருக்குகிறவன் மாதிரி.

கண்ணாடியை அதன் இரும்புத் தட்டில் ஒட்ட வேண்டிய நாள் வந்தது. சிலிக்கான் வாங்க அவள்தான் வந்தாள்.

"புளிச்ச வாடை அடிக்கிறது வேண்டாம். அந்த ஆவி பூச்சைத் தின்னுடும். வாடையில்லாதது குடுங்க."

"ரெண்டும் நல்லா ஒட்டும்மா."

"ஒட்டுமான்னு நான் கேக்கலையே."

பிதுக்குகிற துப்பாக்கியை நான் யாருக்கும் இரவல் தருவதில்லை. கொடுத்தால் காய்ந்த சிலிக்கானோடு பிணமாகத் திரும்பி வரும். அதனால் நானே எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

வெளியே தூறல். முன்னறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, நடுவில் இரும்புத் தட்டையும் அதில் மூன்று தீக்குச்சிகளையும் வைத்திருந்தாள். நாத்தனார் மூலையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கிரகம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் தோரணையில் நின்றார்.

"இரும்பும் கண்ணாடியும் ஒண்ணு போல வளராது, ஒண்ணு போல சுருங்காது" என்றாள் அவள். எனக்குச் சொன்னாளா அவருக்குச் சொன்னாளா தெரியவில்லை. "அழுத்தி ஒட்டினா இரும்பு சுருங்கறப்போ கண்ணாடியைப் பிடிச்சு இழுக்கும். முடியில ஆயிரத்துல ஒரு பங்கு வளைஞ்சாக்கூடப் போச்சு. அதனால மூணு இடத்துல மட்டும் சிலிக்கான். கண்ணாடிக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி அளவு இடைவெளி. கண்ணாடி ரப்பர் மேல மிதக்கணும். கெட்டியா எதுமேலயும் உட்காரக் கூடாது."

"குச்சி மேல உட்காருதே" என்றேன்.

"இறுகற வரைக்கும்தான். அப்புறம் குச்சிகளை உருவிடணும். அதுக்குத்தான் சோப்பு தடவி வச்சிருக்கேன், ஒட்டிக்காம வரும்."

"அவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு பாடம் நடத்தணும்" என்றார் கிரகம்.

கண்ணாடி தட்டின் நட்டநடுவில் நிற்க வேண்டும். அதற்கு அவள் லேபிலிருந்து வேறொரு சிலிக்கான் கொண்டுவந்திருந்தாள், பல்லுக்கு அச்செடுக்கிற மாவு. இரண்டு நிற உருண்டைகளைப் பிசைந்து, ஒரே தடிமனில் மூன்று துண்டுகள் செய்து, கண்ணாடி விளிம்புக்கும் தட்டின் நிமிர்ந்த காதுகளுக்கும் நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது ரப்பராக இறுகிவிட்டது. இனிக் கண்ணாடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு மயிரிழைகூட நகராது, பிறகு அறுத்து எடுத்துவிடலாம்.

"வாய்க்கு வைக்கிற மாவை வைக்கிறியே, கண்ணாடி கடிக்குமா?" என்றாள் நாத்தனார்.

"கடிக்கிறது இந்த வீட்டுல வேற ஆளு அண்ணி" என்றாள் இவள்.

அளவெல்லாம் பார்த்தபின் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சிலிக்கான் பிதுக்குவேன் என்று கிரகம் பிடிவாதம் பிடித்தார். துப்பாக்கியைக் கொடுத்துத் தொலைத்தேன். தட்டில் மூன்று இடத்தில் பிதுக்கச் சொன்னால் மேசையில் நாலு இடத்தில், வேட்டியில் ஒரு இடத்தில் பிதுக்கினார். அவர் கை பட்டு ஒரு குச்சி கீழே உருண்டு ஓடியது. குனிந்து தேட முதுகு வளையாததால், சட்டைப் பையிலிருந்து வேறொரு குச்சியை எடுத்து அந்த இடத்தில் செருகினார். அவள் அப்போது நாத்தனாரிடம் கண்ணாடியைப் பத்திரமாகப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஒரு சமாசாரம் என்று எனக்கு எங்கே தெரியும்? நான் என் துப்பாக்கியைத் துடைப்பதில் இருந்தேன்.

கண்ணாடியை அவள் குச்சிகள்மேல் இறக்கி வைத்தாள். காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துத்தான் சிலிக்கான் இறுகும், கனமாக வைத்தால் நாளாகும். ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

அந்த வாரம் முடிகிற சமயம், மேலே அவர்கள் குளியலறைத் தண்ணீர் என் கடைச் சுவரில் இறங்கியது. போய்ப் பார்த்தால் கிரகம் ஒழுகிய இடத்தில் மிச்ச சிலிக்கானை அப்பி வைத்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று முன்னறைக்கு வந்தேன். அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சங்கத் தலைவரிடம் பேசியபடி, கண்ணாடிக்கு அடியிலிருந்து குச்சிகளை உருவிக்கொண்டிருந்தார். அவள் லேபுக்குப் போயிருந்தாள். இரண்டு குச்சிகள் சுலபமாக வந்தன. மூன்றாவது வரவில்லை, வெடுக்கென்று இழுத்தார். இழுத்த கையோடு அதைக் காதில் விட்டுக் குடைந்தார், கண் சொருகியது. தலைவர் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார், நான் இந்தப் பக்கம்.

சாயங்காலம் அவள் வந்து கேட்டது கீழே என் காதில் விழுந்தது. "மூணும் எடுத்தாச்சா?"

"மூணும் எடுத்தாச்சு, மூணும் எடுத்தாச்சு. ஒரு குச்சிக்கு எத்தனை கேள்வி."

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர். ஒன்று கண்ணிலும் ஒன்று நெற்றியிலுமாக இரண்டு மூக்குக்கண்ணாடி. சோதித்துப் பார்க்க இருட்ட வேண்டியதில்லை என்று அவர் மத்தியானமே வந்துவிட்டார். தெருக்கோடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல், கறுப்பு அட்டையில் ஒரு பேரிங் குண்டை ஒட்டி வைத்தார்கள். வெயில் பட்டால் அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஒளி நிற்கும், நட்சத்திரத்துக்குப் பதிலாக அதைப் பார்த்தால் போதும். மொட்டைமாடியில் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினதும், அங்கே துணி உலர்த்திய பெண் அத்தனையையும் வாரிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தலைவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பார்வை தெளிய வைக்கிற திருகை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"இந்தப் பக்கம் திருப்பினா நெட்டையா இழுக்குது. அந்தப் பக்கம் திருப்பினா குறுக்கா இழுக்குது. பொட்டா நிக்க மாட்டேங்குதே" என்றார். "கண்ணாடி கோணல் சார். அரைச்சதுல தப்பு."

கிரகத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அது ஒரு நொடிதான். உடனே திரும்பி, மாடிப்படி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றவளைக் காட்டினார்.

"நான் எங்க சார் அரைச்சேன்? எனக்கு ஏது நேரம்? இவதான் அரைச்சா. நான் அப்பவே சொன்னேன், அழுத்தம் சரியில்லைன்னு. கேட்டாத்தானே."

இரண்டு மழைக்காலம் என் தலைக்குமேல் சுற்றிய கால் யாருடையது என்று எனக்குத் தெரியும். தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தபோது அவருடையதாக இருந்த கண்ணாடி, ஒரே வாக்கியத்தில் அவளுடையதாகிவிட்டது.

"லேடீஸ் கைன்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார் தலைவர், பெரிய மனசோடு. "தப்பில்லை."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "ஒட்டறதுக்கு முன்னால விளக்கு வச்சுப் பார்த்தேன் சார். எப்படித் திருப்பி வச்சாலும் சுத்தமா இருந்தது. ஒட்டினதுல என்னவோ இருக்கு."

"எல்லாரும் சொல்றதுதான்மா. கண்ணாடியில தப்பை வச்சுக்கிட்டு ஒட்டினதைக் குறை சொல்லுவாங்க. மாசக் கடைசியில வண்டியோட வர்றேன், எங்க மெஷின்ல போட்டு முதல்லேருந்து அரைச்சுடலாம்."

"பேர்ப் பலகை?" என்று கேட்டார் கிரகம். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், அவள் என் கடைக்கு வந்தாள். லேபுக்கு லீவு போட்டிருந்தாள்.

"இருக்கிறதிலேயே மெல்லிசா ஒரு எஃகுக் கம்பி வேணும். ரெண்டு முனையிலயும் பிடிக்க மரக்கட்டை கட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"அறுக்க."

"சார் சம்மதிச்சாரா?"

"கை வைக்காதே, உடைஞ்சா சங்கத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னாரு." கம்பியை வெளிச்சத்தில் நீட்டி, முறுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள். "மெஷின்ல போட்டா முதல்ல பூச்சை உரிப்பாங்க. அப்புறம் நான் அரைச்சதை அரைச்சே எடுத்துடுவாங்க. வெறும் கண்ணாடியாயிடும். கடைக்காரரே, பகல் பூரா ஊரான் வாய்க்குத்தான் வேலை செய்றேன். யாரும் கேக்காம, யாருக்கும் அளவெடுக்காம, எனக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான். தப்பு என் கையிலன்னா நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். இல்லைன்னா, யாரும் தொடக் கூடாது."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடையைச் சாத்திவிட்டு மேலே போனேன்.

நாத்தனார் வாசலிலேயே மறித்தாள். "என்ன நடக்குது இங்க? தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி. கண்ணாடி விழாம ரெண்டு கையாலயும் பிடிங்க."

"என்னை வேற கூட்டுக் களவாணி ஆக்குறியா?" என்றாள் அவள். ஆனால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள்.

நான் தட்டைப் பிடித்தேன். அவள் கண்ணாடிக்கும் தட்டுக்கும் நடுவே கம்பியை நுழைத்து, சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விட்டு, இழுத்து இழுத்து அறுத்தாள். முதல் ஒட்டு விட்டது. இரண்டாவதும் விட்டது. மூன்றாவதன் ஓரத்தில் கம்பி எதிலோ சிக்கி நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி பொத்தென்று நாத்தனார் கைக்கு வந்தது.

தட்டில், சிலிக்கான் பொட்டின் பக்கவாட்டில், அரைத் தீக்குச்சி பதிந்து கிடந்தது.

அவள் குறடால் அதைக் கிள்ளி எடுத்தாள். "சோப்பு இல்லை" என்றாள். "இது நான் வச்ச குச்சி இல்லை."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மேசையிலிருந்து உருண்டு ஓடிய குச்சி, சட்டைப் பையிலிருந்து வந்த குச்சி, அப்புறம் போன் பேசிக்கொண்டே வெடுக்கென்று இழுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணும் எடுத்தாச்சுன்னாரே" என்றாள்.

"எடுத்தாரும்மா, மூணுதான். மூணாவது பாதிதான் வந்திருக்கு. அதைத்தான் அங்கேயே காதுல விட்டுக் குடைஞ்சாரு. என்ன இது குட்டையா இருக்கேன்னு அவரும் பார்க்கலை."

சிலிக்கான் இறுகும்போது துளி சுருங்கும். சுருங்கிக் கண்ணாடியைக் கீழே இழுத்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் ரப்பர்மேல் இருக்க, அந்த ஒரு இடம் மட்டும் குச்சிமேல் முட்டிக்கொண்டு வளைந்திருக்கிறது. இதை அவள் சொல்லவில்லை, குச்சியைப் பார்த்த பார்வையில் எனக்கே புரிந்தது. நாத்தனார்தான் பேசினாள்.

"எங்க அம்மா அப்பவே சொல்லுவா, இவன் காதுல இருக்கிறது அழுக்கில்லை, புத்தின்னு. குடைஞ்சு குடைஞ்சே எடுத்துட்டான்."

அன்று மத்தியானமே கண்ணாடியை ஒட்டாமல், மூன்று ரப்பர்த் துண்டுகள்மேல் சும்மா உட்காரவைத்துத் தொலைநோக்கிக் குழாயில் மாட்டி, தொட்டிமேல் இன்னும் இருந்த அந்தக் குண்டைப் பார்த்தோம். முதலில் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது, அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. நானும் குனிந்து பார்த்தேன். கறுப்பு அட்டையில் கோலப்பொட்டு மாதிரி ஒரு ஒளி, நெட்டையும் இல்லை, குறுக்கும் இல்லை.

மறுபடி ஒட்டினோம். இந்தத் தடவை துப்பாக்கி அவள் கையில். பிதுக்கிய மூன்று பொட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. ஒரு வாரம் அதை நாத்தனார் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து, பிறகு குச்சிகளை உருவி, என் முன்னாலும் நாத்தனார் முன்னாலும் முழு நீளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் குழாய்க்குள் மாட்டி மூடியைப் போட்டாள். கிரகத்துக்கு ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு எந்த விஷயத்திலும் கிடையாது.

மாசக் கடைசியில் தலைவர் வண்டியோடு வந்தார். தூக்கப்போன ஆளை அவள் நிறுத்தினாள்.

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு எடுத்துட்டுப் போங்க சார். வெயில் இருக்கு."

"பார்த்ததையே எத்தனை தடவைம்மா பார்க்கிறது?" என்று அலுத்துக்கொண்டே குனிந்தார். நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. திருகை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"என்ன செஞ்சீங்க?" என்றார். "பொட்டு மாதிரி நிக்குதே. எங்க சங்கத்துல இருக்கிற எதுலயும் இப்படி நிக்காது."

கிரகம் அவரைத் தள்ளாத குறையாகத் தள்ளிவிட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் உயரமே கூடியிருந்தது.

"நான் சொன்னேனே சார், கண்ணாடியில குறையே இருக்காதுன்னு. நான் அரைச்சது வீண் போகுமா?"

"போன தடவை அம்மா அரைச்சாங்கன்னீங்களே?"

"புருஷன் வேற பொண்டாட்டி வேறயா சார்? நம்ம கண்ணாடி. பலகையில என் பேரே போதும், அவளுக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாது."

"கோணினா என் கண்ணாடி, நேரா நின்னா நம்ம கண்ணாடியா?" என்றாள் அவள். குரலே உயரவில்லை.

பிறகு, பல் செட் வைத்துக் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் திறந்து, அந்த அரைக்குச்சியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ன இது?"

"கண்ணாடிக்கு அடியில இருந்தது. இதுல உங்க பங்கு இதுதான்."

தலைவர் இன்ஜினீயர் அல்லவா, குச்சியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அப்புறம் கிரகத்தைப் பார்த்தார். குழாய் ஒழுகுகிற வீட்டை நான் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பலகையில எழுதறதா இருந்தா முழுசா எழுதுங்க சார்" என்றாள் அவள். "கண்ணாடி அரைச்சது நான். குச்சியை ஒடிச்சது இவர். அப்படி எழுத இடமில்லைன்னா, கண்ணாடி இங்கயே இருக்கட்டும்."

தலைவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, "உங்க முழுப் பேரைச் சொல்லுங்கம்மா" என்றார். அவள் சொன்னாள். எழுத்துக்கு எழுத்து நிறுத்திச் சொன்னாள். கிரகத்துக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால் அந்தக் கை, பழக்கதோஷத்தில், அரைக்குச்சியை மெதுவாகக் காதுக்குக் கொண்டுபோனது.